மாலைப்பொழுதை மீட்டல்

தமிழில் ‘குடி’ என்னும் ஒரு சொல்லுக்குள் இரு வேறு உலகங்கள் அடங்கியுள்ளன. குடும்பம், குலம், ஊர், நாட்டு மக்கள் ஆகிய அனைத்தையும் அச்சொல் குறிக்கும். குடிமை என்றும் குடிசெயல்வகை என்றும் அதிகாரங்கள் வகுத்த வள்ளுவர், அதனைப் பெருமிதத்தோடு கையாள்கிறார். அதே சொல் மது அருந்துதலையும் குறிக்கும். ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்னும் முதுமொழி, இவ்விரு பொருள்களையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டுகிறது. இன்றோ, நாட்டின் உரிமையுள்ள உறுப்பினரைச் சுட்டும் ‘குடிமகன்’ என்னும் சொல், மதுவில் மூழ்கியவரைச் சுட்டும் கேலிச்சொல்லாகவும் வழங்குகிறது. ஒரு சமூகம் எதைக் கண்டு சிரிக்கிறது என்பதைக் கொண்டு, அது எதற்குப் பழகிவிட்டது என்பதை அறியலாம்.

இரட்டைப் பார்வை

மதுவைக் குறித்துத் தமிழ்ச் சமூகம் ஒரே நேரத்தில் இரு பார்வைகளைக் கொண்டுள்ளது. திரைப்படத்தில் தள்ளாடி வருபவர் நகைச்சுவைக்கு உரியவர். தெருவில் விழுந்து கிடப்பவர் வெறுப்பிற்கு உரியவர். வேலை கிடைத்தாலும் விருந்து, வேலை போனாலும் ஆறுதல், திருமணத்திற்கும் இறப்பிற்கும் ஒரே விடை என்று மதுவிற்கு மட்டும் எல்லா நாளும் நல்ல நாளாகிவிட்டது. குடிப்பவரிடம் எவரும் காரணம் கேட்பதில்லை; குடிக்க மறுப்பவரே காரணம் சொல்ல வேண்டியவராகிறார்.

உண்மை நிலையோ வேறு. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் மது அருந்துவோர் ஏறக்குறைய நால்வரில் ஒருவரே. பெண்களில் அவ்வாறு கூறியோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அஃதாவது, மது அருந்தாதவர்களே பெரும்பான்மையினர். ஆயினும், ‘எல்லாரும் குடிக்கிறார்கள்’ என்னும் எண்ணம் இளைஞர் உள்ளத்தில் வேரூன்றியுள்ளது. முதல் கோப்பையை நீட்டுவது பெரும்பாலும் நண்பனின் கை. அதை வாங்கச் செய்வது தனித்துவிடப்படுவோம் என்னும் அச்சம்.

வெறுப்பும் நன்மை தருவதில்லை. மதுச்சார்பு என்பது உலகச் சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் இடம்பெற்றுள்ள ஒரு நோய். அதனை ஒழுக்கக்கேடு என்று மட்டும் கருதும் இடத்தில், நோயுற்றவர் தம் நிலையை மறைக்கிறார்; குடும்பமும் மறைக்கிறது. மருத்துவரை நாட வேண்டிய காலம் கடந்துபோகிறது. சமூகத்தின் சிரிப்பு இப்பழக்கத்திற்குள் நுழையும் வாயிலை அகலத் திறக்கிறது. அதன் இகழ்ச்சி வெளியேறும் வாயிலை அடைக்கிறது.

இலக்கியத்தில் மது

சங்க இலக்கியத்தில் கள், தேறல், நறவு, மட்டு எனப் பல பெயர்களில் மது இடம்பெறுகிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் மறைவிற்கு வருந்திப் பாடிய ஔவையார், அவன் கள்ளைப் பகிர்ந்தளித்த பாங்கை நினைவுகூர்வதைப் புறநானூற்றில் காணலாம். அங்குப் போற்றப்படுவது மயக்கமன்று. இருப்பதைப் பிறரோடு பகிரும் மன்னனின் தோழமை. மனிதர் மதுவை நாடுவதற்குப் பின்னால் உறவை நாடும் ஏக்கமும் இருப்பதை இப்பழைய பாடல் உணர்த்துகிறது.

பிற்கால அற இலக்கியங்கள் மதுவை மறுத்தன. பொருட்பாலில் 93ஆம் அதிகாரமாகக் கள்ளுண்ணாமையை வைத்த வள்ளுவர், அடுத்த அதிகாரமாகச் சூதையும் அதற்கடுத்து மருந்தையும் அமைத்தார். குடிப்பவரைப் பார்த்து அவர் எழுப்பும் வினா ஒன்று இன்றும் பொருந்துவது. மது அருந்தாத வேளையில், மயங்கிக் கிடக்கும் மற்றொருவரைக் காணும்போது, தம் நிலையும் இதுவே என்று ஒருவர் எண்ணிப் பார்க்கமாட்டாரா என்று அவர் கேட்கிறார். தெளிந்திருக்கும் வேளையில்தான் அறிவுரை உள்ளத்தைத் தொடும் என்னும் நுட்பம் அவ்வினாவில் அடங்கியுள்ளது. மணிமேகலையில், கடலில் கலம் உடைந்து நாகர் நாட்டை அடைந்த சாதுவன், அவர்கள் அளித்த கள்ளை மறுத்ததோடு, அவர்தம் தலைவனுக்கு அறமும் எடுத்துரைக்கிறான்.

சட்டமும் அதன் எல்லையும்

விடுதலைப் போராட்டக் காலத்தில் மதுவிலக்கு மக்கள் இயக்கமாக மலர்ந்தது. 1921ஆம் ஆண்டு ஈரோட்டில் நடைபெற்ற கள்ளுக்கடை மறியலில், பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து, மதுவிலக்குப் பரப்புரைக்கென்றே ‘விமோசனம்’ என்னும் இதழை இராஜாஜி நடத்தினார். எழுத்தாளர் கல்கி அதில் துணைநின்றார்.

இராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சரானதும், 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மதுவினால் கிடைத்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. சேலத்தில் கடைகளை மூடியதோடு அரசு நின்றுவிடவில்லை. தேநீர்க் கடைகள், விளையாட்டுகள், பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள், சிக்கனச் சங்கங்கள் ஆகியவற்றை ஊக்குவிக்கும் முயற்சியும் உடன் நடந்தது. கடை மூடப்பட்டபின் உழைப்பாளி மாலையில் எங்குச் செல்வார் என்னும் வினாவை அம்முயற்சி எழுப்பிப் பார்த்தது.

பின்னர்ச் சட்டம் பலமுறை மாறியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தளர்த்தப்பட்ட மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது, 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 2003ஆம் ஆண்டு முதல் சில்லறை விற்பனையும் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. இதற்கிடையே கள்ளச்சாராயம் உயிர்களைக் குடித்துவந்தது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. கடை திறந்திருந்த காலத்திலும் மூடியிருந்த காலத்திலும் குடிக்கும் தேவை மனிதருக்குள் எஞ்சியே இருந்தது. விற்பனையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும். ஆனால், அத்தேவையைத் தீர்க்கும் பணி சட்டத்தால் மட்டும் ஆகக்கூடியதன்று.

பாடம் எழுப்பிய போராட்டம்

அண்டை மாநிலமான ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில், தூபகுண்டா என்னும் சிற்றூரில் 1990களின் தொடக்கத்தில் வயதுவந்தோர்க்கான எழுத்தறிவு வகுப்புகள் நடைபெற்றன. பகலெல்லாம் உழைத்த பெண்கள் மாலையில் கூடி எழுத்துக் கூட்டிப் படித்தனர். சீதம்மா என்னும் பெண்ணின் கதை அவர்களது பாடநூலில் இடம்பெற்றிருந்தது. சாராயத்தால் சிதையும் குடும்பத்தின் கதை அது. படித்தவர்கள் அதில் தம் வீட்டைக் கண்டனர். ஒன்றுகூடிச் சாராயக் கடையை மூடவைத்தனர். மாவட்டம் முழுவதும் பரவிய அப்போராட்டத்தின் விளைவாக, 1993இல் மாநிலம் முழுவதும் சாராய விற்பனை தடைசெய்யப்பட்டது.

பின்னாளில் அங்கும் மதுச்சட்டங்கள் தளர்ந்தன. ஆயினும், அவ்வூர்ப் பெண்கள் காட்டிய வழி மறையவில்லை. பேசக் கூடும் இடமும், கூடுவதற்கு ஒரு மாலைப்பொழுதும் கிடைத்தபோது மாற்றம் தொடங்கியது.

உடல் அறியும் உண்மை

அளவோடு குடித்தால் தீங்கில்லை என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. உடல்நலத்திற்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க மதுவின் அளவு எதுவுமில்லை என்று உலகச் சுகாதார அமைப்பு 2023ஆம் ஆண்டு தெளிவுபடுத்தியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988ஆம் ஆண்டிலேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களுக்கும் மதுவிற்கும் தொடர்புண்டு. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 26 இலட்சம் பேர் மதுவினால் இறந்தனர் என அவ்வுலக அமைப்பு மதிப்பிட்டுள்ளது.

உடல் அலுப்பு நீங்கி நன்கு உறங்க மது உதவும் என்பதும் பிழையான கருத்தே. மது விரைவில் உறக்கத்தை வரவழைக்கும். ஆனால், இரவின் பிற்பகுதியில் உறக்கத்தைக் கலைக்கும். மறுநாள் அலுப்பு கூடும். அதைப் போக்க மீண்டும் மது தேவைப்படும். நாளடைவில் பழைய அளவு போதாமற்போகும். ஒரு நாளின் களைப்புக்குத் தேடிய தீர்வு அடுத்த நாளின் களைப்பாக மாறுவதே இப்பழக்கத்தின் இயல்பு.

ஐஸ்லாந்து கண்ட மாற்றம்

மதுவிற்கு மாற்றான பழக்கங்களை ஒரு நாடு முழுவதும் வளர்க்க இயலுமா? இவ்வினாவிற்கு வட அட்லாண்டிக் தீவு நாடான ஐஸ்லாந்து விடையளிக்கிறது. 1998ஆம் ஆண்டில் அந்நாட்டின் 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர், முந்தைய ஒரு மாதத்திற்குள் குடித்து மயங்கியதாக ஆய்வில் கூறினர். 2016இல் அவ்வளவு 5 விழுக்காடாகக் குறைந்தது.

இம்மாற்றம் அறிவுரையால் மட்டும் நிகழவில்லை. விளையாட்டு, இசை, நடனம், ஓவியம் ஆகியவற்றுக்கான மன்றங்களுக்கு அரசு நிதியுதவியைப் பெருக்கியது. தலைநகர் ரெய்க்யவிக்கில், பிள்ளைகளை அம்மன்றங்களில் சேர்க்கக் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கப்பட்டது. 20 வயது நிரம்பாதோர் மது வாங்கத் தடையிருந்தது. சிறார் இரவில் வெளியே திரியும் நேரம் வரையறுக்கப்பட்டது. பெற்றோர் பிள்ளைகளுடன் கூடுதல் நேரம் செலவிடுமாறு பள்ளிகள் வாயிலாக வலியுறுத்தப்பட்டனர். மாணவரிடம் தொடர்ந்து நடத்தப்பட்ட ஆய்வுகளின் முடிவுகள் அந்தந்தப் பள்ளிக்கே அளிக்கப்பட்டன.

மகிழ்ச்சியையும் கிளர்ச்சியையும் நாடுவது இளமையின் இயல்பு. அவ்வியல்பைக் குற்றம் என்று கடியாமல், அதற்கு வேறு வழிகளைத் திறந்துவிட்டதே ஐஸ்லாந்தின் சிறப்பு. சட்டமும் மாற்றுவழியும் அங்குக் கைகோத்துச் சென்றன.

பழக்கத்தைப் பழக்கத்தால் வெல்லுதல்

ஒவ்வொரு பழக்கத்திற்கும் ஒரு நேரம், ஓர் இடம், ஒரு துணை உண்டு. குடிப்பழக்கத்திற்கு வேலை முடிந்த மாலைப்பொழுதே நேரம். அந்நேரத்தை வெறுமையாக விட்டுவிட்டு மதுவை மட்டும் நீக்க முயல்பவர் விரைவில் தோற்கிறார். அந்நேரத்தில் வேறொன்றை அமர்த்துபவர் வெல்லும் வாய்ப்புப் பெறுகிறார்.

அந்த வேறொன்று அரிதானதோ செலவு மிக்கதோ ஆக வேண்டியதில்லை. மாலையில் விளக்கொளியுடன் ஒரு கபடித் திடல், சிலம்பமும் பறையும் பழகும் களம், இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும் ஊர் நூலகம், நாளிதழ் கிடக்கும் தேநீர்க் கடை, நண்பருடன் ஒரு மணி நேர நடை ஆகியவை தமிழ்நாட்டின் எந்த ஊருக்கும் இயலக்கூடியவை. மூட்டை சுமந்தும் கல் உடைத்தும் வலியோடு திரும்பும் உழைப்பாளிக்கு வெந்நீர்க் குளியலும், நேரத்தில் கிடைக்கும் நல்ல உணவும், மருத்துவ உதவியும் தேவை. அவருக்கு ஓய்வையும் மருத்துவத்தையும் மறுத்துவிட்டு ஒழுக்கத்தை மட்டும் போதிப்பது அறமாகாது.

நெடுங்காலம் குடித்துப் பழகியவர்க்கு மனவுறுதி மட்டும் போதாது. திடீரென நிறுத்தும்போது நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே, மருத்துவர் மேற்பார்வை இன்றியமையாதது. 1980ஆம் ஆண்டிலேயே சென்னையில் சாந்தி ரங்கநாதன் போதை மீட்புக்கான நிறுவனத்தைத் தொடங்கி, நோயாளியோடு அவர்தம் குடும்பத்தினர்க்கும் ஆற்றுப்படுத்தல் வேண்டும் என்பதை நிலைநாட்டினார். 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பு, குடியிலிருந்து மீள்வோர் ஒன்றுகூடி ஒருவர்க்கொருவர் துணைநிற்கும் முறையை உலகெங்கும் பரப்பியது. மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் எண்ணும், போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்னும் எண்ணும் கட்டணமின்றி இயங்குகின்றன.

சமூகத்தின் கடமை

மது அருந்தாத பெரும்பான்மையினருக்கும் இதில் பங்குண்டு. மறுப்பவரிடம் காரணம் கேட்பதைக் கைவிடுதல், விழாக்களில் மதுவை விருந்தோம்பலாகக் கருதாதிருத்தல், குடிநோயுற்றவரைப் பட்டப்பெயரிட்டு அழையாதிருத்தல், மீண்டு வந்தவரின் பழைய நாள்களைக் குத்திக்காட்டாதிருத்தல் ஆகியவை எவரும் மேற்கொள்ளக்கூடியவை. இவற்றிற்குச் சட்டமும் வேண்டா, செலவும் இல்லை.

ஊராட்சிகளும் பள்ளிகளும் இளைஞர் மன்றங்களும் தம் ஊரின் மாலைப்பொழுதைக் கணக்கெடுத்துப் பார்க்கலாம். ஆறு மணிக்குமேல் ஓர் இளைஞர் செல்லத்தக்க இடங்கள் எத்தனை, அவற்றுள் பணமின்றி நுழையத்தக்கவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், செய்யவேண்டிய பணி தானே புலப்படும். திடலும் நூலகமும் பூட்டிக் கிடக்க மதுக்கடை மட்டும் திறந்திருக்கும் ஊரில், இளைஞரை மட்டும் பழிப்பதில் நீதியில்லை. பூட்டிய கதவுகளைத் திறந்துவைக்கும் பொறுப்பு அவ்வூரின் பெரியோர்க்கே உரியது.