களை எடுக்க ஆள் எங்கே?

தம்மம்பட்டிப் பக்கம் குச்சிக்கிழங்கு போடுகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். பூச்சியை விட களையைப் பற்றித்தான் புலம்புவார்கள். பூச்சி வந்தால் இலையில் தெரியும். களையோ போட்ட உரத்தையும் பாய்ச்சின தண்ணீரையும் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

குச்சியை ஏறத்தாழ மூன்றடி இடைவெளியில் நடுகிறோம். முதல் மூன்று மாதம் நிலத்தை மூடும் அளவுக்குத் தழை இருக்காது. அந்தக் காலி இடத்தில் கோரை, அருகு, பார்த்தீனியம் எல்லாம் குடியேறிவிடும். செடி நிழல் கட்டிவிட்டால் களை பெரும்பாலும் அடங்கிவிடும். ஆக, பத்து மாதப் பயிரில் சண்டையே அந்த மூன்று மாதம்தான். அப்போது விட்டுவிட்டு ஐந்தாம் மாதம் களைவெட்டினால் கூலிதான் தண்டம்.

சரியாக அப்போதுதான் ஆள் கிடைக்காது. எல்லார் காட்டிலும் ஒரே நேரத்தில் களை! உடனே நூறு நாள் வேலை மேல் பழி போட்டார்கள். பொழுதுக்கும் குனிந்து களைக்கொத்து பிடிப்பது பெரும்பாலும் பெண்கள். ஆண்களை விடக் கூலியும் குறைவு. அவர்கள் வேறு வேலை தேடிப் போனால் அதில் என்ன குற்றம்?

ஆள் இல்லை என்றதும் கிளைபோசேட் டப்பா வருகிறது. இது புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015ல் சொன்னது. அதன் மேல் விவாதம் இன்னும் ஓயவில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மட்டுமே இதைத் தெளிக்கலாம் என்று அறிவித்தது. அவர்களை நம்ம காட்டு வரப்பில் எங்கே போய்த் தேடுவது?

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோரையைக் கொத்தினால் கிழங்கு அறுந்து ஒன்று பத்தாக முளைக்கும், கொத்துக்கும் எல்லை உண்டு. ஆனால் ஒரே மருந்தையே நம்பினால் என்ன ஆகும் என்பதை 1990களில் பஞ்சாப், அரியானா கோதுமை விவசாயிகள் பார்த்துவிட்டார்கள். ஐசோபுரோட்டுரானுக்கு அடங்கிய களைப்புல் பிறகு அடங்கவே இல்லை.

என்னைக் கேட்டால், இடைவெளியில் உளுந்தோ சின்ன வெங்காயமோ போட்டு நிலத்தை மூடுவது முதல் வேலை. அடுத்தது பவர் வீடர். வாங்க மானியம் இருக்கிறது, சரி. ஒரு ஏக்கர்காரர் அதை வாங்கி வருடத்தில் பாதி நாள் மாட்டுக் கொட்டகையில் நிறுத்தி வைக்கவா? கூட்டுறவு சங்கத்தில் மணிக்கணக்கு வாடகைக்கு வேண்டும். அதுவும் நட்ட இருபதாம் நாள் கேட்டால் இருபதாம் நாளே வர வேண்டும். அறுபதாம் நாள் வந்தால் டீசல்தான் செலவு.