விமானத்துக்கு ஒரு நீதியா?

1990 பிப்ரவரி 14. இந்தியன் ஏர்லைன்ஸின் புத்தம் புது ஏர்பஸ் ஏ-320, பெங்களூர் ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்தது. 146 பேரில் 92 பேர் பலி. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பறக்கும் நவீன விமானம்தான்! எஞ்சின் விசை குறைந்து வேகம் இறங்கியதை விமானிகள் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்றது விசாரணை. ஒரு விபத்துக்காக நாட்டிலிருந்த ஏ-320 எல்லாவற்றையும் அரசு பல மாதம் தரையில் நிறுத்தி வைத்தது. இன்று நம் வானில் அதிகம் பறப்பதே அந்தக் குடும்பம்தான்!

எங்க ஆலங்குளம் பக்கம் என்ன நிலைமை? 2012-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 30க்கும் மேற்பட்டோர் கருகினார்கள். அதுக்கப்புறமும் வெடி விபத்து நிக்கலையே! பறக்கிறவன் உயிர் வெல்லம், மருந்து கலக்குறவன் உயிர் வெறும் கரியா?

எங்க வீட்டில் முதன்முதலாப் படிக்கிறவன் நான். நாளைக்கு சூப்பர்வைசராகப் போகும் நாம், காரணம் தெரியும்வரை வேலையை நிறுத்தச் சொல்லும் துணிச்சலோடு போவோம்!