விலைக்கு வாங்கும் இணைய வருகை: தரம் அளப்பது குறித்த நிலைப்பாடு

ஜவ்வாது மலைச் சாமை, தேன், புளி விற்பனைத் தளத்துக்கு விலை கொடுத்து வாங்கப்படும் வருகையை எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடக் கூடாது என்பது அத்தளத்தை நடத்தும் சங்கத்தின் நிலைப்பாடு. சென்ற பருவத்து விளம்பர ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கேட்டு விளம்பர ஏஜென்சியின் கடிதம் வந்துள்ளது; அதை ஒட்டியே இந்த நிலைப்பாடு.

எண்ணிக்கையில் செல்லாத வருகையும், அதாவது மெய்யான மனிதரிடமிருந்து வராததும், கலந்திருக்கக்கூடும். அதை அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, அறியப்பட்ட பாட்களின் (தானியங்கி நிரல்களின்) பட்டியலைக் கொண்டே வடிகட்டக்கூடியது. மற்றது, மனித நடத்தையைப் போலி செய்வது, ஆய்ந்தால்தான் பிடிபடும். 2016இல் அம்பலமான மெத்பாட் விளம்பர மோசடி இரண்டாம் வகை. அதில் சுட்டியின் அசைவுகூடப் போலியாக உருவாக்கப்பட்டது.

கூகுள் அனலிடிக்ஸ் 4, பத்து வினாடிக்கு மேல் நீடித்த வருகையை 'ஈடுபாடுள்ளது' எனக் கணக்கிடுகிறது. இரண்டு பக்கம் பார்த்தாலோ, முக்கிய நிகழ்வு ஒன்று பதிவானாலோ அதுவும் சேரும். ஏஜென்சிகள் முன்வைக்கும் பெருமையெல்லாம் இந்த எண்தான். பாட் நிரலுக்குப் பத்து வினாடி ஒரு தடையே அல்ல. எவ்வளவு நேரம் காத்திருக்கச் சொன்னாலும் காத்திருக்கும். சிக்னல் மெலிந்த மலையூரிலிருந்து தளத்தைத் திறப்பவரின் நிலை நேர்மாறானது. பக்கம் முழுதும் இறங்குமுன் அவர் வெளியேறினால் அனலிடிக்ஸில் பதிவாகாமலே போகலாம். கிளிக்குக்கான கட்டணம் மட்டும் ஏறிவிடும். மெய்யான மனிதர் கணக்கில் விடுபட, பொய்யான நிரல் 'தரமான வருகை' ஆகிறது. சாமையைத் தூற்றாமல் எவரும் எடை போடுவதில்லை; பதரோடு அளந்த வருகைக்குச் சாமை விற்ற காசைக் கேட்பது அநியாயம்.

செல்பேசி இணைப்பின் ஐபி முகவரி தொலைதூர நகரத்தைக் காட்டக்கூடும் என்பதால் வருகையாளரின் ஊரைக் காட்டும் அனலிடிக்ஸ் அறிக்கை துணைச்சான்று மட்டுமே. ஒரே முகவரியைப் பலர் பகிர்வதும் உண்டு. அதைக் கொண்டே ஒருவரைப் பாட் என ஒதுக்கலாகாது.

விளம்பரம் அறவே வேண்டாம் என்பது சங்கத்தின் கருத்தல்ல. வாங்கிய வருகை எதுவாயினும் கீழ்க்கண்டவாறு மதிப்பிடப்பட வேண்டும்:

1. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனி இணைப்புக் குறியீடு தரப்பட வேண்டும்.
2. கட்டணம் கேட்கப்பட்ட கிளிக்குகளும் தளத்தில் பதிவான வருகைகளும் வாரந்தோறும் ஒப்பிடப்பட வேண்டும். இடைவெளிக்கு ஏஜென்சி எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.
3. தொலைபேசி விசாரணை, ஆர்டர், மறு ஆர்டர் ஆகியவையே முதன்மை அளவுகோல். ஓர் ஆர்டருக்கு ஆன விளம்பரச் செலவு பொதுக்குழுவில் வைக்கப்பட வேண்டும்.
4. அனலிடிக்ஸ் கணக்கு சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

இவற்றை ஏற்காத ஒப்பந்தம் எதையும் புதுப்பிக்க வேண்டாம் எனச் சங்கத்தின் குழு பரிந்துரைக்கிறது.