இரைச்சலும் குறைய வேண்டும், பேட்டரியும் நிற்க வேண்டும் – எது முதலில்?

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் இருக்கும் நண்பர் ஒருவர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். சிபியு-இசட் என்ற இலவச சாப்ட்வேரை ஓட்டிப் பார்த்தவர் அன்று இரவே என் வீட்டுக்கு வந்துவிட்டார். பஸ் ஸ்பீடு என்ற இடத்தில் 99.77 மெகா ஹெர்ட்ஸ் என்று காட்டியதாம். "100னு சொல்லித்தானே வித்தாங்க தம்பி, குறைச்சுக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

உங்கள் கம்ப்யூட்டரிலும் இப்படித் தெரியலாம். கவலைப்பட வேண்டாம், இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பல மதர்போர்டுகளில் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் என்ற வசதி இருக்கும். அது கடிகாரத் துடிப்பை வேண்டுமென்றே சுமார் அரை சதவீதம் வரை கீழே இறக்கி ஏற்றும். ஒரே அலைவரிசையில் அழுத்தமாகக் கிளம்பும் ரேடியோ இரைச்சல் இதனால் பரவிக் குறைகிறது. பக்கத்தில் இருக்கும் ரேடியோவுக்குத் தொல்லை இருக்காது. சராசரியாகப் பார்த்தால் 100 என்பது 99.75 அருகே நிற்கும்.

இந்தத் துடிப்பை உருவாக்குவது பேஸ் லாக்டு லூப் என்ற சர்க்யூட். சுருக்கமாக பி.எல்.எல். 100 மெகா ஹெர்ட்ஸை 35 மடங்காக்கி 3.5 கிகா ஹெர்ட்ஸ் தருவதும் இதே வகை சர்க்யூட்தான். கிகா ஹெர்ட்ஸ் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதை நிலையாகப் பிடித்து வைத்திருக்கும் லூப் பில்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அது என்ன செய்கிறது? காசிமேட்டில் இருந்து கிளம்பும் படகில் சுக்கான் பிடிப்பவரை நினைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு அலைக்கும் சுக்கானைத் திருப்பினால் படகு வளைந்து வளைந்து போகும். எந்த அலைக்கும் அசையாமல் நிதானமாகவே திருப்பினால் பயணம் சுகமாக இருக்கும். ஆனால் துறைமுக வாயில் வரும்போது சமயத்தில் திரும்ப முடியாது. லூப் பில்டர்தான் அந்தச் சுக்கான்காரர். எவ்வளவு பிழைக்கு எவ்வளவு வேகமாகத் திருத்துவது என்று அது முடிவு செய்கிறது. எளிய வடிவில் ஒரு ரெசிஸ்டர், இரண்டு கெபாசிட்டர். அவ்வளவுதான்.

இன்ஜினியரிங் இறுதியாண்டில் ரிச்சி தெருவில் 4046 என்ற பி.எல்.எல். சிப் வாங்கி ஒரு புராஜெக்ட் செய்தேன். லேப் புத்தகத்தில் போட்டிருந்த பில்டர் மதிப்புகளை அப்படியே போட்டேன். வெளியீடு கொஞ்சம் நடுங்கியது. கெபாசிட்டரைப் பத்து மடங்கு பெரிதாக்கினேன். ஆசிலாஸ்கோப்பில் கோடு அசையாமல் நின்றது. "லோ நாய்ஸ், லோ பவர்" என்று ரிப்போர்ட்டில் பெரிதாக எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். லாக் ஆக எவ்வளவு நேரம் ஆகிறது என்று நானும் அளக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அதைக் கேட்க வைத்தவர் என் மாமா. ராயபுரத்துக்காரர், காசிமேட்டில் இருந்து கடலுக்குப் போகிறவர். கையில் பிடிக்கும் வி.எச்.எப். வயர்லெஸ் செட்டை என்னிடம் நீட்டி, "மாப்ளே, கூப்பிட்டா மொத வார்த்தையே விழ மாட்டேங்குது. கப்பல் வருது, தெக்கால போன்னு கத்தினா, எனக்குப் போன்னு மட்டும் கேக்குது" என்றார். சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் கப்பல்கள் வந்து போகும் கடலில் அந்த முதல் வார்த்தை சாதாரண விஷயம் இல்லை.

செட்டில் பேட்டரி சேவ் ஆனில் இருந்தது. அந்த நிலையில் ரிசீவர் கொஞ்ச நேரம் தூங்கும், விழித்துக் கேட்கும், மறுபடி தூங்கும். முதல் வார்த்தை விழாமல் போவதற்கு அந்தத் தூக்கம்தான் முக்கியக் காரணம். ஆனால் ஏன் அவ்வளவு தூங்க வேண்டும்? விழித்ததும் பி.எல்.எல். லாக் ஆகும் வரை எதுவும் கேட்காது, கரண்ட் மட்டும் செலவாகும். லாக் ஆவது மெதுவானால் அடிக்கடி விழிப்பது கட்டுப்படியாகாது. தூக்கத்தை நீட்டித்தான் ஆக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். கடலில் ஆபத்துக்கு அழைக்கும் 16-ம் சேனல் 156.8 மெகா ஹெர்ட்ஸ். 25 கிலோ ஹெர்ட்ஸ் ஆதாரத் துடிப்பில் இருந்து அதைப் பெற 6272 மடங்கு பெருக்க வேண்டும். ஆதாரத் துடிப்பின் சுவடு வெளியீட்டில் கலக்காமல் இருக்க, பில்டரின் அகலத்தை அதில் பத்தில் ஒரு பங்காக, 2.5 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் வைப்பது வழக்கம். இன்னும் குறுக்கினால் அந்தச் சுவடு மேலும் குறையும். லாக் ஆகும் நேரமோ கூடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரெசிஸ்டர் சும்மா இருந்தாலே வெப்பத்தால் இரைச்சல் எழுப்பும். ரெசிஸ்டரைப் பத்தில் ஒரு பங்காக்கினால் அந்த இரைச்சல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். ஆனால் லூப் பழையபடி இயங்க, பில்டருக்குக் கரண்ட் தரும் சார்ஜ் பம்ப் பத்து மடங்கு கரண்ட் தர வேண்டும், கெபாசிட்டரும் பத்து மடங்கு பெரிதாக வேண்டும். இரைச்சலைக் குறைக்க பேட்டரியில் இருந்துதான் விலை கொடுக்கிறோம்.

ஆகவே "இரைச்சல் குறைவு, மின்சாரமும் குறைவு" என்று யாராவது சொன்னால், "வேறு எது கூடியது?" என்று கேளுங்கள். நேரமா, இடமா, விலையா? நல்ல வடிவமைப்பு இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும். விழித்தவுடன் பில்டரைக் கொஞ்ச நேரம் அகலமாக்கி, லாக் ஆனதும் குறுக்கிவிடும் பாஸ்ட் லாக் முறையே இதற்கு உதாரணம். அதைப் பயன்படுத்துபவருக்கு எது முக்கியம் என்று முதலில் யோசித்தவர்தான் இப்படிச் செய்ய முடியும். கல்லூரிகளில் பில்டர் மதிப்புகளை அச்சடித்துக் கொடுக்காமல், இன்ன வேலைக்கு, இவ்வளவு பேட்டரிக்கு நீயே தேர்ந்தெடு என்று மாணவரிடம் விட வேண்டும் என்பது என் கருத்து. நான் சாப்ட்வேருக்குப் போய்விட்டேன். ஆனாலும் அந்த மூன்று பாகங்கள் கற்றுத் தந்த பாடம் இன்றும் உதவுகிறது. ஆர்வம் உள்ளவர்கள் சென்னை ஐஐடி பேராசிரியர் சௌரப் சக்சேனா என்பிடெல்லில் நடத்திய பி.எல்.எல். பாடத்தைப் பார்க்கலாம்.

உங்கள் லேப்டாப்பிலும் இதே கதைதான். வேலை இல்லாத நேரத்தில் பிராசசர் ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போகும்போது பி.எல்.எல்.லையும் நிறுத்திவிடும், தேவைப்படும்போது மறுபடி லாக் ஆகும். எனவே "வேகம் கூடும்" என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக பயாஸில் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரத்தையும் மின்சேமிப்பு வசதிகளையும் அணைக்க வேண்டாம். 99.77 என்று காட்டினால் காட்டட்டும்.

மாமாவுக்கு நான் சொன்ன யோசனை வேறு. பேட்டரி சேவை ஆப் செய்துவிட்டு, கூடுதலாக ஒரு பேட்டரி எடுத்துப் போகச் சொன்னேன். அவருக்கு முதல் வார்த்தைதான் முக்கியம்.