வேளாண் கொள்கைப் பயிற்சி: செலவை ஏற்க வேண்டியவர் யார்?

ஒன்றிய அரசின் தலைமைக் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக், கல்லூரி மாணவர்களை இன்டர்ன்ஷிப் எனப்படும் பணிப்பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்கிறது. வேளாண்மையும் அப்பயிற்சிக்குரிய துறைகளுள் ஒன்று. ஆனால் பயிற்சி மாணவருக்கு உதவித்தொகை கிடையாது. மடிக்கணினியையும் அவரே கொண்டுவர வேண்டும். தில்லியில் தங்கும் அறைக்கு வாடகையும் உணவுச் செலவும் அவர் பொறுப்பே. மாநில வேளாண் கல்லூரி ஒன்றில், குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரவிருக்கும் விவசாயத் தொழிலாளியின் மகளுக்கு இந்தக் கதவு விதிப்படி திறந்திருக்கிறது. நடைமுறையில் அடைத்தே கிடக்கிறது.

அரசு விட்டுவைத்த இந்த இடைவெளியில்தான் கொடையாளர்கள் நுழைகின்றனர். பன்னாட்டு அறக்கட்டளைகளும், 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்கெனச் செலவிட வேண்டிய பெருநிறுவனங்களும் ஆய்வு நிறுவனங்களுக்கும் மாணவர் பயிற்சிக்கும் பணம் தர முன்வருகின்றன. அந்தப் பணத்தைப் பெற்றுப் படிக்கும் மாணவரைப் பழிப்பதில் பொருளில்லை. அந்தத் தொகை இல்லையேல் வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே கொள்கை ஆய்வுக்குள் வர முடியும் என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆயினும், எந்தக் கேள்வியைக் கேட்க அந்த மாணவருக்குப் பயிற்சி தரப்படுகிறது என்பதை ஆராயாமல் இருக்க முடியாது.

சட்ட முன்வடிவு நாடாளுமன்றத்தை அடையும் முன்பே அதன் அடிப்படைச் சொற்கள் அறிக்கைகளில் முடிவாகிவிடுகின்றன. குறைந்தபட்ச ஆதரவு விலை இதற்குத் தக்க சான்று. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 விழுக்காடு சேர்த்து விலை தரப் பரிந்துரைத்தது. சொந்த நிலத்துக்கான வாடகை, சொந்த முதலுக்கான வட்டி ஆகியவற்றையும் உள்ளடக்கிய 'சி2' கணக்கின்படியே செலவை மதிப்பிட வேண்டும் என்பது விவசாயிகள் இயக்கத்தின் கோரிக்கை. கைவிட்டுச் செலவழித்த பணத்தையும் குடும்ப உழைப்பின் மதிப்பையும் மட்டும் கூட்டும் 'ஏ2+எஃப்.எல்.' கணக்கை எடுத்துக்கொண்டு, ஒன்றரை மடங்கு தந்துவிட்டதாக 2018 முதல் ஒன்றிய அரசு சொல்லிவருகிறது. இரண்டுக்கும் பெயர் 'செலவு'தான். உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது பழமொழி. அந்தக் கணக்கை உழுகிறவன் பார்க்கவில்லை. அவனுக்காக வேறொருவர் பார்க்கிறார் என்பதே இன்றைய நிலை.

அந்த வேறொருவர் உருவாகும் இடங்களுள் மாணவர் பயிற்சியும் ஒன்று. கொடையாளர் எவரும் பொய் எழுதச் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தலைப்புக்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை என்று முடிவு செய்தாலே போதும். விவசாயியைச் சந்தையோடு இணைப்பது எப்படி என்ற தலைப்புக்குப் பணம் எளிதில் கிடைக்கும். நிலம் யார் கையில் இருக்கிறது, வாய்மொழிக் குத்தகைதாரருக்கு வங்கிக் கடன் ஏன் மறுக்கப்படுகிறது, நடவுப் பெண்களின் கூலி என்ன என்ற தலைப்புகள் காத்துக் கிடக்கும்.

இந்தத் தேர்வுக்கு நம் நாட்டில் வரலாறு உண்டு. 1959 ஜனவரியில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ், நில உச்சவரம்பையும் கூட்டுறவு விவசாயத்தையும் வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு ஏப்ரலில், ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் வந்த அமெரிக்க வல்லுநர் குழு இந்தியாவின் உணவு நெருக்கடி பற்றிய அறிக்கையை அளித்தது. பாசன வசதியுள்ள மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து விதை, உரம், கடன் ஆகியவற்றைக் குவிப்பதே வழி என்ற பாதைக்கு அது இட்டுச்சென்றது. அந்த அறக்கட்டளையின் நிதியோடு 1960இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கியது. நாக்பூர் தீர்மானம் காகிதத்தோடு நின்றது. நிலப்பிரபுக்களின் எதிர்ப்பே அதற்கு முதற்காரணம் என்றாலும், நிலத்தைத் தொடாமலே உற்பத்தியைப் பெருக்கலாம் என்ற மாற்று வழியை அந்த அறிக்கை ஆளும் வர்க்கங்களுக்கு வழங்கியது.

அத்திட்டத்திற்கு முதலில் தேர்வான ஏழு மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. விளைச்சல் எவ்வளவு கூடியது என்பதே திட்டத்தின் அளவுகோல். கூடிய நெல்லில் அறுத்தவருக்கு எவ்வளவு என்பது அதன் அளவுகோலாக இருக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கீழத்தஞ்சையில் செங்கொடியின் கீழ் திரண்ட விவசாயத் தொழிலாளர்கள் கேட்டனர். 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். ஃபோர்டு பணம் வெண்மணிக்குக் காரணம் என்று சொல்வது வரலாறாகாது. ஆனால் கூலியைக் கணக்கில் கொள்ளாத வேளாண் கொள்கை எவ்வளவு பெரிய உண்மையைக் காணத் தவறும் என்பதற்கு வெண்மணி சாட்சி.

இதனால் 'அயல்நாட்டுப் பணம்' என்ற கூச்சலில் இடதுசாரிகள் சேர்ந்துகொள்ள முடியாது. அந்தக் கூச்சல் ஆட்சியாளர்களின் ஆயுதம். தில்லியின் கொள்கை ஆய்வு மையத்தின் அயல்நாட்டு நிதி உரிமம் 2023இல் நிறுத்திவைக்கப்பட்டு, 2024இல் ரத்து செய்யப்பட்டது. சுதந்திரமான ஆய்வை நெருக்குவதும், உள்நாட்டுக் கார்ப்பரேட் பணத்துக்குக் கதவைத் திறப்பதும் ஒரே கையின் வேலைகள். பணம் எந்த நாட்டினது என்பதைவிட, ஆய்வின் கேள்வியை நிர்ணயிக்கும் அதிகாரம் யாரிடம் என்பதே முக்கியம்.

மாற்றுவழி கற்பனையானதும் அன்று. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களை அவரவர் ஊருக்கு வினாப்பட்டியலோடு அனுப்பினார். இருவேல்பட்டு, பாலக்குறிச்சி முதலிய கிராமங்கள் பற்றிய அந்த ஆய்வுகள் 1918இல் நூலாயின. பின்வந்த ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்கு மீண்டும் மீண்டும் சென்று நிலவுடைமையின் மாற்றத்தை அளந்தனர். அன்று கல்லூரி வாய்ப்புப் பெற்றோர் பெரும்பாலும் மேல்சாதிக் குடும்பத்தினர். இன்று உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் வேளாண் கல்லூரிகளில் பயில்கின்றனர். அதே வினாப்பட்டியல் அவர்கள் கைக்கு வந்தால் கிடைக்கும் விடைகள் வேறாக இருக்கும்.

பணம் இல்லை என்று அரசு சொல்ல முடியாது. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பிரதமர் பயிற்சித் திட்டம், 500 பெருநிறுவனங்களில் ஐந்தாண்டுகளில் 1 கோடி இளைஞருக்குப் பயிற்சி என்றது. மாத உதவித்தொகையாக அறிவிக்கப்பட்ட 5,000 ரூபாயில் 4,500 ரூபாய் அரசுப் பணம். அம்பானி, அதானி போன்றோரின் நிறுவனங்களில் பயில்பவருக்குப் பொதுப்பணம் தர முடியுமென்றால், நிதி ஆயோக்கிலும், வேளாண் செலவு மற்றும் விலை ஆணையத்திலும், வட்டார வேளாண் அலுவலகங்களிலும், ஊராட்சிகளிலும் பயில்பவருக்கு ஏன் தர முடியாது?

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. அரசு நிறுவனங்களின் பயிற்சி அனைத்துக்கும் வாழப் போதுமான உதவித்தொகை வேண்டும். அதில் இடஒதுக்கீடு வேண்டும். நன்கொடை பெறப்பட்டால் அது பல்கலைக்கழகப் பொதுநிதிக்கே செல்ல வேண்டும். மாணவர் தேர்விலும் தலைப்பிலும் கொடையாளருக்குப் பங்கு கூடாது. ஒப்பந்தம் முழுமையாக வெளியிடப்பட வேண்டும். மாணவரின் அறிக்கை அவர் ஆய்ந்த ஊரின் கிராமசபையில், அந்த மக்களின் மொழியில் படிக்கப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளை மாணவர் சங்கம் மட்டும் சுமக்க முடியாது. விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இதைத் தம் கோரிக்கையாகக் கொள்ள வேண்டும். விடுமுறையில் ஒரு மாணவருக்குத் தங்க இடமும் இரு வேளை உணவும் தந்து, ஊரின் நிலக்கணக்கையும் கூலிக்கணக்கையும் எழுதவைக்கும் வலிமை ஒவ்வொரு மாவட்டக் குழுவுக்கும் உண்டு. அரசை நிர்ப்பந்திக்கும் போராட்டத்தோடு அந்த வேலையும் இந்தக் கோடையிலேயே தொடங்கலாம்.