திராட்சைத் தோட்டத்துக்குச் சங்கம் போகலாமா?

நம் சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலாவை இம்முறை நாசிக் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று இளைஞர் அணி சொன்ன யோசனை, செயற்குழுவின் இரண்டு கூட்டங்களை முழுசாக விழுங்கிவிட்டது. "ஒயின் கம்பெனிக்குச் சங்கத்தின் பெயரில் பஸ் விடுவதா? தமிழன் பண்பாடு என்னாவது?" என்று பெரியவர்கள் ஒரு பக்கம். "ஒயின் எல்லாம் சாராயம் இல்லை அங்கிள், இதயத்துக்கு நல்லது" என்று பிள்ளைகள் மறுபக்கம். இரு தரப்பும் என்னைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. இகத்புரி, நாசிக் ரோடு, மன்மாட் என்று அந்தத் தடத்தில் பதினொரு ஆண்டுகள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். கூட்டத்தில் நேரம் கிடைக்காததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பண்பாட்டுக் கட்சியினருக்கு. தமிழன் திராட்சை மதுவையே அறியாதவன் என்று வாதாடுவது வேண்டாம். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த தேறலைப் பாண்டியன் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் வாழ்த்தியே பாடுகிறார். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945-ல் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது ஏற்றிவந்த கூர்முனை ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கிய வள்ளுவரும் நம்மவர்தான். பண்பாடு என்ற பெட்டியில் இரண்டும் இருக்கின்றன. வேண்டியதை மட்டும் எடுத்துக் காட்டுவது வழக்கறிஞர் வேலை.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒரு கணக்கு. ஒயினில் சாராயச் சத்து ஏறக்குறைய 13 சதவீதம். 750 மில்லி பாட்டில் ஒன்றில் சுத்தச் சாராயம் சுமார் 97 மில்லி. விஸ்கியில் 42.8 சதவீதம், 60 மில்லி லார்ஜ் ஒன்றில் சுமார் 26 மில்லி. ஆக ஒரு பாட்டில் ஒயின் கிட்டத்தட்ட நான்கு லார்ஜ் விஸ்கிக்குச் சமம். கண்ணாடிக் கிண்ணத்தின் காம்பு நீளமாக இருப்பதால் இந்தக் கணக்கு மாறாது. இதயத்துக்கு நல்லது என்ற பேச்சும் பழசாகிவிட்டது. பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவுமே இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே அறிவித்தது. மகாராஷ்டிர அமைச்சரவை 2022 ஜனவரியில், ஆயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்கலாம் என்று முடிவு செய்தபோது, ஒயின் மதுவே அல்ல என்று தலைவர்கள் பேசியதைக் கேட்டோம். அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருப்பேன் என்றார். எதிர்ப்பு வலுத்து அது அப்படியே நின்றது. நின்றது நல்லது என்பேன். பருப்பும் சோப்பும் வாங்கப் போகும் பிள்ளையின் கண்முன்னே அது அடுக்கியிருக்க வேண்டியதில்லை.

இப்படிச் சொல்வதால் என்னைப் பெரியவர்கள் கட்சியில் சேர்த்துவிட வேண்டாம். நாசிக்கில் நான் பார்த்தது சாராயக்கடை அல்ல, விவசாயம்.

நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளிலேயே நிபாட், பிம்பள்காவ் பக்கம் லைன் ஓரத்தில் திராட்சைப் பந்தல்கள் உண்டு. எல்லாம் தின்னும் பழம். விதையில்லாத தாம்சன் ரகமும் அதன் வழி வந்தவையும். ஒயின் ரகங்கள் வந்தது பின்னால். அமெரிக்காவில் படித்து வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பிய ராஜீவ் சாமந்த் என்பவர் கங்காபூர் அணைப் பக்கத்துக் குடும்ப நிலத்தில் நட்டு, 2000-ல் முதல் பாட்டிலை வெளியிட்டார். அதுதான் சூலா. இன்று நாட்டின் ஒயின் விற்பனையில் பாதிக்கு மேல் அவர்களுடையது. 2001-ல் மாநில அரசு திராட்சை பதனிடும் தொழிலுக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்து, ஒயினுக்குப் பத்தாண்டுகள் எக்சைஸ் வரி விலக்குத் தந்தது. விஞ்சூரில் ஒயின் பார்க்கும் அமைத்தார்கள். பிறகு திண்டோரி வரைக்கும் கம்பெனிகள் முளைத்தன.

ஒயின் திராட்சை தின்பதற்கு ஆகாது. சின்னக் காய், தடித்த தோல், உள்ளே விதை, ஆனால் இனிப்பு மிகுதி. ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்ய வேண்டும்: ஏப்ரல் வாக்கில் கொடியை வளர்க்க ஒன்று, மழை முடிகிற செப்டம்பர், அக்டோபரில் காய் பிடிக்க ஒன்று. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி தூங்கும். இங்கே அது தூங்குவதில்லை, கத்திரியால்தான் அதற்குக் காலம் காட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை. சிவப்பு ஒயினுக்குப் பழத்தை நசுக்கித் தோலோடு சேர்த்தே ஸ்டீல் தொட்டியில் புளிக்க விடுகிறார்கள். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் இறங்குகின்றன. வெள்ளை ஒயினுக்குத் தோலை நீக்கிச் சாற்றை மட்டும் புளிக்க வைப்பது. புளிக்கும்போது சூடு ஏறுமாதலால் தொட்டிக்கு வெளியே குளிர்நீர்ச் சட்டை மாட்டியிருப்பார்கள். டிப்ளமா படிக்கும் பையன்கள் பார்க்க வேண்டிய ஏற்பாடு அது.

இனி இந்தக் கட்டுரையை நான் எழுத வந்த காரணம். என் பிரிவில் இருந்த ஒரு கீமேனின் அண்ணன், திண்டோரி தாலுகாவில் மூன்று ஏக்கர்க்காரர். ஒப்பந்தம் போட்ட ஒரு கம்பெனியை நம்பித் தின்னும் ரகத்தைப் பிடுங்கிவிட்டு ஒயின் ரகம் நட்டார். 2008-க்குப் பிறகு உலகமெங்கும் மந்தம். மும்பைத் தாக்குதலுக்குப் பின் ஓட்டல்களும் காலி. கம்பெனிகளின் தொட்டிகளில் ஒயின் தேங்கியது. பழம் வாங்க ஆளில்லை. அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த மாவட்டத்தில் பலர் ஒயின் கொடிகளை வேரோடு பிடுங்கித் திரும்பத் தின்னும் ரகத்துக்குப் போனார்கள். தாம்சன் விலை போகாவிட்டால் தள்ளுவண்டியில் வைத்தாவது விற்கலாம், உலர்த்தினால் கிஸ்மிஸ். ஒயின் பழத்தை யார் தின்பார்கள்? கம்பெனி கேட்டைச் சாத்தினால் அது மாட்டுக்குத்தான். வரி விலக்கு விவசாயியின் பெயரைச் சொல்லித்தான் வாங்கப்பட்டது. கேட் சாத்திய அன்று அந்த விவசாயிக்கு என்ன பாதுகாப்பு இருந்தது?

ஸ்பெயின் நாட்டு ரியோகா பகுதியைப் பற்றிப் படித்தபோது ரயில்காரன் என்ற முறையில் எனக்கு ஆர்வம் வந்தது. எப்ரோ ஆற்றுப் படுகையில், டெம்ப்ரானில்லோ என்ற கறுப்புத் திராட்சைக்குப் பேர்போன இடம். 1863-ல் ஹாரோ என்ற சிற்றூருக்கு பில்பாவோ துறைமுகத்திலிருந்து ரயில் வந்தது. அதே காலத்தில் பிரான்சில் ஃபைலாக்செரா என்ற பூச்சி வேரைத் தின்று தோட்டங்களை அழிக்க, பிரெஞ்சு வியாபாரிகள் இங்கே சரக்குத் தேடி வந்தார்கள். ஹாரோ ஸ்டேஷனைச் சுற்றியே ஒயின் சாலைகள் எழுந்தன. 1877-ல் தொடங்கிய லோபெஸ் தெ எரேதியா இன்றும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பேட்டைக்குப் பெயரே ஸ்டேஷன் பேட்டை. குட்ஸ் ஷெட் ஓரத்தில் ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது, பாருங்கள். (நம் நாசிக் ரோடு குட்ஸ் ஷெட் வெங்காயத்தோடு நின்றுவிட்டது.)

பூச்சி கடைசியில் ரியோகாவையும் தொட்டது. அமெரிக்கக் காட்டுக் கொடியின் வேரில் ஒட்டுப்போட்டு மீண்டார்கள். அதே முறையில்தான் நாசிக்கிலும் டாக்ரிட்ஜ் என்ற அமெரிக்க வேரில் ஒட்டுகிறார்கள். இங்கே உப்புத் தண்ணீருக்கும் வறட்சிக்கும் பயந்து. ஆனால் அங்கிருந்து நாம் கொண்டுவராத ஒன்று இருக்கிறது. ரியோகா என்ற பெயருக்கு 1925-லிலேயே சட்டப் பாதுகாப்பு தந்து, அதைக் காக்க ஓர் ஒழுங்குமுறை சபையும் வைத்தார்கள். அதில் ஒயின் சாலைக்காரர்களோடு திராட்சை பயிரிடுபவர்களும் உட்காருகிறார்கள். பாட்டிலின் பின்பக்கத்தில் சபையின் முத்திரை இருக்கும். கிரியான்சா என்று போட வேண்டுமானால் சிவப்பு ஒயினுக்கு இரண்டு ஆண்டு வயது வேண்டும், அதில் ஓராண்டு ஓக் பீப்பாயில். ரிசர்வா என்றால் மூன்று ஆண்டு. கிரான் ரிசர்வாவுக்கு ஐந்து. நம் ஊரில் ரிசர்வ் என்ற சொல்லை லேபிளில் அச்சடிக்க அச்சகக்காரர் இருந்தால் போதும் போலிருக்கிறது.

நாசிக் வேலி ஒயினுக்கும் புவிசார் குறியீடு கிடைத்துப் பல ஆண்டுகளாயிற்று. குறியீட்டைச் சட்டம் போட்டுப் பூட்டிவைத்தால் போதாது. எந்தத் தாலுகாப் பழம், எந்த ஆண்டு அறுவடை என்று ஒவ்வொரு பாட்டிலிலும் இருக்க வேண்டும். பழம் எடுப்பதாகக் கையெழுத்திட்ட கம்பெனி எடுக்காவிட்டால் நட்ட ஈடு தர வேண்டும் என்ற நிபந்தனையை வரிச் சலுகையோடு கட்ட வேண்டும். ரயில்வேயில் கான்ட்ராக்டர் டெபாசிட் கட்டாமல் ஒரு கல் நகர்த்த முடியாது. ஏக்கர் கணக்கில் ஒருவன் நிலத்தை அடகு பிடிப்பதுபோல் பிடிப்பவனிடம் ஏன் டெபாசிட் கேட்கக் கூடாது?

இது மராட்டி விவசாயியின் பிரச்சினை, நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். சாறுக்கும் ஒயினுக்கும் ஏற்றது, ஆண்டு முழுவதும் காய்க்கும். அங்கே ஒயின் தொழிலைப் பெருக்க வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. எழட்டும். அதற்குமுன் திண்டோரியில் நடந்ததை அங்குள்ளவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அந்தச் செய்தியைக் கம்பத்துக்குக் கொண்டுபோக மராட்டியும் தமிழும் தெரிந்த நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

இன்னொன்றையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் பிறந்தது தாராவியில். மதுவிலக்குக் காலத்துத் தாராவியில் வெல்லமும் நவச்சாரமும் போட்டுக் காய்ச்சியதை வாரக் கூலியோடு சேர்த்துக் குடித்து, கண் போனவர்களையும் உயிர் போனவர்களையும் எங்கள் சாலிலேயே பார்த்தேன். 2015-ல் மலாட் மால்வணியில் விஷச் சாராயம் நூறு பேருக்கு மேல் கொன்றது. 2024-ல் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல். செம்பூரில் ஏ.சி. அறையில் கிண்ணத்தைச் சுழற்றி மோந்து பார்ப்பவருக்கு வரிச் சலுகை, மூட்டை தூக்குபவன் குடிக்கும் மலிவுச் சரக்குக்கு வரிமேல் வரி. அதனால் அவன் இன்னும் மலிவானதைத் தேடிப் போகிறான். ஒயின் சலுகையைப் பற்றிப் பேசும் எவரும் இந்த இரண்டாவது பாதியைப் பேசுவதில்லை.

சரி, சுற்றுலா. போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் பிப்ரவரியில், அறுவடை நடக்கும்போது. தோட்டத்தையும் தொட்டிகளையும் குழந்தைகளோடு சுற்றிப் பார்ப்போம். ஓர் விவசாயியை உட்காரவைத்து அரைமணி பேசச் சொல்வோம். மொழிபெயர்க்க நான் இருக்கிறேன். ருசி பார்க்கும் கூடத்துக்குச் சங்கத்தின் காசு ஒரு பைசாவும் போகக் கூடாது. இந்த மாநிலத்தில் ஒயினுக்கு வயது 21, குடிக்கச் சட்டப்படி பெர்மிட் வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். பெரியவர்களுக்குப் பஞ்சவடியும் திரியம்பகமும் இருக்கின்றன. பாண்டவ குகைகள் எல்லோருக்கும்.

திரும்பும் வழியைப் பற்றி மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கசாராவுக்கும் இகத்புரிக்கும் இடையே ரயில் பாதையின் சரிவு 37-க்கு 1. இறங்கும் ஒவ்வொரு வண்டியும் இகத்புரியில் நின்று, பிரேக் சோதித்த பிறகே நகரும். கட்டுப்பாடு இழந்தால் திருப்பிவிட கேட்ச் சைடிங் வேறு உண்டு. ரோட்டில் போகும் பஸ்ஸுக்கு இவை எதுவும் கிடையாது. 2025 ஜூனில் திறந்த சம்ருத்தி சாலையின் சுரங்க வழியாகப் போனால் பழைய மலைப்பாதை தவிர்க்கப்படும். டோல் கூடுதல், பரவாயில்லை. டிரைவருக்குப் பகல் சாப்பாடு நம் பந்தியில், என் பக்கத்து இலையில். இகத்புரியில் டீக்கு நிற்கும்போது பஸ்ஸின் பிரேக்கை நானே ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.