பதில் எழுத முடியாதவர் மீது ஒரு குற்றச்சாட்டு

ரயில்வே வாரியத் தலைவர் அவர்களுக்கு,
ரயில் பவன், புது தில்லி.

ஐயா,

உங்கள் துறையில் எஸ்.எஃப். 5 என்றொரு தாள் உண்டு. 1968ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகளின்படி, வேலையே போகக்கூடிய தண்டனைக்கு முன்னால் கையில் தரப்படும் சார்ஜ் ஷீட் அது. வாங்கியவருக்குப் பதில் எழுதப் பத்து நாள் அவகாசம். ஆவணங்களைக் கேட்டுப் பார்க்கலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், துணைக்கு ஒரு டிஃபென்ஸ் ஹெல்பரை அழைத்துக்கொள்ளலாம். சிவப்பு சிக்னலைத் தாண்டிய லோகோ பைலட்டுக்குக்கூட இவ்வளவும் உண்டு.

2024 ஜூன் 17 காலையில் மேற்கு வங்கத்தின் ரங்கபாணி அருகே, கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்பக்கம் மோதி இறந்துபோன சரக்கு ரயில் ஓட்டுநருக்கு இதில் எதுவுமே கிடைக்கவில்லை. அவர் சிக்னலை மதிக்காமல் போனார் என்று, விபத்து நடந்த அன்றைக்கே, அப்போதைய வாரியத் தலைவர் செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். அந்த நாற்காலியில் அப்போது நீங்கள் இல்லை. ஆனால் சொன்னது ஒரு தனி மனிதர் அல்ல, வாரியம். ஆகவே மடல் உங்களுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

அந்தக் காலையில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ரங்கபாணிக்கும் சத்தர்ஹாட்டுக்கும் இடையே தானியங்கி சிக்னல் காலை 5.50 மணியிலிருந்தே பழுது. தானியங்கிப் பிரிவு என்றால் இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒன்றன்பின் ஒன்றாகப் பல ரயில்கள் போகலாம். அவற்றுக்கிடையே இடைவெளியைக் காப்பது சிக்னல்தான். அது செத்துவிட்டால் காகிதம்தான் சிக்னல். ஸ்டேஷன் மாஸ்டர் தருகிற அந்தக் காகிதத்தின் பெயர் டி/ஏ 912. வழியிலுள்ள சிவப்புகளைத் தாண்டிப் போகலாம் என்ற அனுமதி அது. 8.27க்குக் கஞ்சன்ஜங்கா அந்தக் காகிதத்தோடு புறப்பட்டது. 8.42க்குச் சரக்கு ரயிலும் அதே காகிதத்தோடு புறப்பட்டது. எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

ஓட்டுநர் வேகமாகப் போனார் என்பதை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு பழுதான சிக்னலிலும் ஒரு நிமிடம் நின்று, 15 கிலோமீட்டருக்கு மிகாமல் ஊர்ந்து போயிருக்க வேண்டும். போயிருந்தால் முன்னால் இருந்த ரயிலின் கார்டும், பயணிகளும், அவரும் பிழைத்திருப்பார்கள். ஆனால் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை ஜூலையில் வந்தபோது அதில் இன்னொரு கணக்கும் இருந்தது. சிக்னல் கெட்டதிலிருந்து மோதல் வரை அந்தப் பாதையில் போனவை ஏழு ரயில்கள். நின்று, ஊர்ந்து போனது கஞ்சன்ஜங்கா ஒன்றுதான். மற்ற ஆறும் அப்படிப் போகவில்லை.

ஒருவர் விதியை மீறினால் அது அவருடைய குற்றம் என்று சொல்லிவிடலாம். ஏழு பேரில் ஆறு பேர் ஒரே மாதிரி செய்தால்? அந்த ஆறு பேருக்கும் அந்தக் காகிதம் ஒரே பொருளைத்தான் சொல்லியிருக்கிறது: போகலாம். ஐந்து பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அதனால் அவர்களை யாரும் தேடவில்லை. ஆறாவது ஆளின் முன்னால், விதிப்படி நின்று நின்று போன ஒரே ரயில் இருந்தது.

அறிக்கை இதை நடக்கக் காத்திருந்த விபத்து என்ற பொருளில்தான் எழுதியது. தரப்பட்ட அனுமதித் தாளே முறையானதல்ல என்றது. தானியங்கிப் பிரிவில் ரயில் இயக்குவது பற்றி ஓட்டுநர்களுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் போதிய பயிற்சி தரப்படவில்லை என்றது. வாக்கி-டாக்கி இல்லாததையும் குறிப்பிட்டது. பாதுகாப்பு ஆணையரை ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வைக்காமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வைத்ததற்கே காரணம், விபத்துக்குள்ளான துறை தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதுதான். ஆனால் வாரியம் தீர்ப்பைச் சொல்லியாயிற்று, அதுவும் முதல் நாளே.

தண்டனையே வேண்டாம் என்று கேட்கவில்லை. இன்க்ரிமென்ட்டை நிறுத்துவது, ரயில் பாஸை நிறுத்துவது (ரயில்வேக்கே உரிய வேடிக்கையான தண்டனை இது), பணிநீக்கம் என்று உங்களிடம் படிப்படியாக இருக்கிறது. 14(ii) விதிப்படி விசாரணையே இல்லாமல் அனுப்பும் அதிகாரமும் இருக்கிறது. என் மனக்குறை, தண்டனையின் திசையைப் பற்றியது. அது எப்போதும் எஞ்சின் கேபினை நோக்கியே ஓடுகிறது. கேபினிலிருந்து மேலே போகிற செய்திக்கு மட்டும் அந்த வேகம் இல்லை.

2023 பிப்ரவரி 8 நினைவிருக்கும். கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸுக்குச் சிக்னல் கிடைத்திருந்தது, தடம் மாற்றும் பாயிண்ட் மட்டும் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. ஓட்டுநர் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் தலைமை இயக்க மேலாளர், சிக்னலையும் பாயிண்டையும் பிணைக்கிற இன்டர்லாக்கிங் முறையில் கடுமையான ஓட்டை இருக்கிறது என்று கடிதம் எழுதினார். நான்கு மாதத்துக்குள், ஜூன் 2 அன்று, ஒடிசாவின் பஹானகா பஜாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பச்சை விளக்கை நம்பிப் போய் லூப் லைனில் நின்ற சரக்கு ரயிலில் மோதியது. அந்தக் கடிதம் எந்தெந்த மேசைகளில் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு யாருக்காவது எஸ்.எஃப். 5 போனதா?

உங்களிடம் கேட்பது மூன்றே காரியம். ஆணையரின் அறிக்கை வரும்வரை, உயிரோடிருந்தாலும் இறந்திருந்தாலும், ஓட்டுநரைப் பற்றி வாரியம் வாய் திறக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு போடுங்கள். 2024 ஜூன் 17 அன்று சொன்னதை, அன்று சொன்ன அதே கேமராக்களுக்கு முன்னால், ஏழு ரயில்களின் கணக்கோடு சேர்த்துத் திருத்திச் சொல்லுங்கள். பிறகு, சிவப்பைத் தாண்டச் சொல்லித் தருகிற எந்தத் தாளாக இருந்தாலும், வேகம் எவ்வளவு என்று எண்ணால் நிரப்ப அதில் ஒரு கட்டம் போட்டு, அது காலியாக இருந்தால் வண்டியை எடுக்காமல் நிற்கும் உரிமையை லோகோ பைலட்டுக்கு எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர்